சௌந்தரம், 2019

முத்துமாலைப்பேட்டையில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பால்வண்டி வந்து போன கொஞ்ச நேரத்தில், ஊரிலுள்ள எல்லார் இடது காதுக்குப் பின்னாலும் ஒரு வருஷம் முளைத்திருந்தது. முதலில் கண்டவர் சலூன் பூதலிங்கம். கூட்டுறவு பேங்க் மேனேஜருக்குக் காதோரம் கத்தி போட்டுக்கொண்டிருந்தவர், கத்தி எதிலோ தட்டித் தட்டிப் போகிறதே என்று குனிந்து பார்த்தால், காசில் இருக்கிற மாதிரியே மேலெழும்பிய நாலு எண், அதைச் சுற்றிக் கடுகு கடுகாய்ப் புள்ளி.

"வலிக்குதா சார்?"

"எதுய்யா?"

"ஆயிரத்தித் தொள்ளாயிரத்து அறுவத்தி ரெண்டு."

"நான் அறுவத்தி அஞ்சுல்லா."

மேனேஜர் தாடையில் நுரை காய்வதற்குள், அவர் மூணு வருஷத்தை மறைத்துத்தான் இன்னும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார் என்ற செய்தி கறிக்கடை, மாவு மில், பஸ் ஸ்டாண்டு எல்லாம் சுற்றி, மேனேஜரின் மனைவியிடமே போய்ச் சேர்ந்து, அவள் "நாலுன்னுல்லா நான் நினைச்சேன்" என்றும் சொல்லியாயிற்று.

இது எப்படி வந்தது, யார் அடித்தது என்று அந்த ஊரில் ஒருத்தரும் கேட்கவில்லை. வந்தது வந்துவிட்டது, அடுத்தவன் காதில் இருப்பது உண்மையா, அதுதான் கேள்வி. ஏனென்றால் முத்துமாலைப்பேட்டையில் பிறந்தவர்களுக்கு வயசு இரண்டு: ஒன்று வீட்டு வயசு, இன்னொன்று டீச்சர் போட்ட வயசு. வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொட்டால் பிள்ளைக்கு அஞ்சு வயசு ஆகிவிட்டது என்று அர்த்தம். உடனே ஹெட்மாஸ்டர் ஜூன் மாதத்தில் ஒரு தேதியைப் போட்டுச் சேர்த்துக்கொள்வார். ஊர் முழுக்க ஜூனில் பிறந்தது அப்படித்தான். கை நீளமான பிள்ளைகள் சீக்கிரம் பிறந்தார்கள், கை குட்டையான பிள்ளைகள் தாமதமாகப் பிறந்தார்கள். இப்போது, அன்றைக்குத் தொட்ட அதே காதுக்குப் பின்னாலிருந்து வருஷம் எட்டிப் பார்த்தால், ஊருக்குச் சந்தேகம் வராமல் என்ன செய்யும்?

சித்திரை வெயிலில் குரங்குக் குல்லா விற்றது. கொண்டை போட்டவர்கள் பின்னலுக்கு மாறி, பின்னலை இடது தோள் வழியாக முன்னால் விட்டார்கள். பின்னால் வருகிறவனை யாரும் நம்பவில்லை; பஸ்ஸில் கடைசி சீட்டுக்கு அடிதடி நடந்தது. கல்யாணத் தரகர்கள் சட்டைப்பையில் லென்ஸ் வைத்துக்கொண்டார்கள். மைக் செட் ஆட்டோ தெருத் தெருவாய்ப் போய், "அன்பார்ந்த பெரியோர்களே, தாய்மார்களே, காதை மறைப்போர் கருத்தை மறைப்போர்! கொடை விழாவில் இந்த ஆண்டு முதல், பழைய வருஷத்தார்க்கு முன்வரிசை, புதிய வருஷத்தார்க்குப் பின்வரிசை, வரிசை மாறி உட்காருவோர் மேல் அம்மனே நடவடிக்கை எடுப்பாள், எடுப்பாள், எடுப்பாள்..." என்று கத்தியது. அந்தக் கடைசி இரண்டு 'எடுப்பாள்' எதிரொலி என்று சிலரும், வார்டு கவுன்சிலரே சொன்னது என்று சிலரும் சொன்னார்கள்.

ஆனால் எது பழசு, எது புதுசு? அங்கேதான் ஊர் நின்றது. நின்று யோசித்து, யோசித்துத் தலையைத் தூக்கிப் பார்த்தால், ஜெராக்ஸ் கடை மாடியில் ஒரு தகரப் பலகை: முத்துமாலைப்பேட்டை நாணயம் சேகரிப்போர் கழகம். இருபத்திரண்டு வருஷமாக அந்த மாடிப்படியில் பூனை தவிர வேறு யாரும் ஏறியதில்லை. இப்போது வரிசை கீழே இறங்கி, திரும்பி, தபாலாபீஸ் வரை நின்றது.

கழகத்தில் உயிரோடு இருப்பவர்கள் மூன்று பேர். தலைவர், பல் டாக்டர் கனகராயன். பொருளாளர், மரக்கடை ஹனிபா பாய். செயலாளர் ஆவுடைநாயகம், போன வருஷம்தான் பஸ் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்தொரு வருஷம் ஓடுகிற பஸ்ஸில் ஏறி, தூங்குகிறவன் நடிக்கிறானா, அழுகிற பிள்ளைக்கு நிஜமாகவே அஞ்சு வயசுக்குக் கீழேயா என்று பார்த்துப் பார்த்து, யாரையும் எதையும் முதல் பார்வையில் நம்பாத கண் அவருக்கு வாய்த்திருந்தது. நெல்லைச் சீமையில் போலிக் காசைக் கண்டுபிடிக்க அவரை விட்டால் ஆளில்லை. சந்தையில் ஒருவன் பழங்காசு என்று நீட்டினால் முகத்தைப் பார்க்க மாட்டார், ராஜா தலையைப் பார்க்க மாட்டார், நேரே விளிம்பைப் பார்ப்பார்.

"வருஷத்த நம்பாதீங்க. வருஷங்கிறது எழுத்து, எழுத்த எவனும் எழுதலாம். விளிம்பப் பாருங்க, தேஞ்ச எடத்தப் பாருங்க. கையால அடிச்ச காசு ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது. எந்திரத்துல அடிச்சது அத்தனையும் அண்ணன் தம்பி. அம்புட்டுத்தான் பழசுக்கும் புதுசுக்கும் வித்தியாசம்" என்றார் அவர், கழகத்தின் அவசரக் கூட்டத்தில்.

"மனுசன எப்படி வே விளிம்பப் பாக்க?" என்றார் ஹனிபா பாய். "ஒரு வருஷத்தச் சொல்லும், கோடு போடுவோம், சனங்க வெயில்ல நிக்குது."

டாக்டர் நாற்பத்தேழு என்றார். ராஜா தலையோடு வந்த கடைசிக் காசு வெள்ளைக்காரன் போன அந்த வருஷத்துக் காசு, அதுதான் கோடு. ஹனிபா பாய் ஐம்பத்தேழு என்றார். அணா செத்து நயா பைசா பிறந்தது அந்த வருஷம். "இன்னொண்ணு பாத்தீரா? 'நயா'ன்னா புதுசு. தான் புதுசுன்னு தன் மேலயே எழுதிக்கிட்டு வந்த காசுதான் இன்னைக்குப் பழசு. புதுசு புதுசுன்னு சொல்லிக்கிடுத ஒருத்தனையும் நம்பாதேங்கதுக்கு அதைவிட சாட்சி வேணுமா?" என்று அவர் சிரித்தபோது, ஆவுடைநாயகம் சிரிக்காமல் அவர் தொப்பியின் இடது பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்; அது கொஞ்சம் கீழே இறங்கியிருந்த மாதிரி அவருக்குத் தெரிந்தது.

கடைசியில் ஐம்பத்தேழுக்குக் கோடு விழுந்தது. கழகம் தருகிற சீட்டில் அதற்கு முன் பழசு, பின் புதுசு என்று இரண்டு கட்டம். வருஷமும் ஆளும் பொருந்தாதவர்களுக்கு மூன்றாவதாக ஒரு கட்டம், சிவப்பு மையில்: போலியெனச் சந்தேகம். நம்புங்கள், அந்தக் கட்டத்துக்கும் ஆள் இருந்தது. அறுபது வயசு லாரி டிரைவர் ஒருவர் காதில் 2004. பூக்கட்டுகிற ஒரு விதவைக்கு 1991. குடியை விட்ட தபால்காரருக்கு 2011. ஆவுடைநாயகம் அவர்களிடம் எதுவும் கேட்கவில்லை. காசிடம் யாரும் கேள்வி கேட்பதில்லை. லென்ஸை வைத்தார், எண் புத்தம்புதுசாய்ப் பளிச்சென்று இருந்தது, சிவப்பு மையைத் தொட்டார். பதினொரு நாளில் எண்ணூறு காது பார்த்தார். பார்க்காத காது ஒன்று உண்டு. அது அவர் வீட்டில் இருந்தது.

அதையும் பார்க்க வேண்டி வந்தது மகள் வளைகாப்பால். மகள் மங்கையர்க்கரசிக்கு ஏழாம் மாசம், திங்கட்கிழமை வளைகாப்பு. சம்பந்தியம்மாள் போனில் கூப்பிட்டாள். தேன் ஒழுகுகிற குரல், உள்ளே ஊசி. "அண்ணாச்சி, நாங்க தப்பா ஒண்ணும் நினைக்கல. ஊரு கெட்டுக் கெடக்குல்லா? பிள்ளைத்தாச்சி கையில வளையல் போடுத பொம்பளையெல்லாம் ஒரிஜினலான்னு ஒரு சீட்டு இருந்தா நல்லது. உங்க கழகத்துச் சீட்டுதானே, உங்களுக்கு என்ன செரமம்? மொத வளையல் அம்மைக்காரிதான் போடணும். அதுனால மொதல்ல மதினி சீட்டு."

ஆவுடைநாயகம் லென்ஸைத் துடைத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனார். சௌந்தரம் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். ஐம்பத்திரண்டு வயசு. எழுபத்திரண்டில் பிறந்தவள், தொண்ணூற்றைந்தில் அவர் கட்டிக்கொண்டவள்.

"ஏளா, கொஞ்சம் திரும்பு."

அவள் திரும்பாமலே கூந்தலை ஒதுக்கிக் காட்டினாள். இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று எதிர்பார்த்திருந்தவள் மாதிரி இருந்தது அது.

2019. தேய்மானம் துளியும் இல்லை. அச்சிலிருந்து நேரே வந்து விழுந்த மாதிரி, புழக்கத்துக்கே போகாத காசு மாதிரி, ஒன்பதின் வால் கூட உடையாமல் மின்னியது.

"என்ன போட்டிருக்கு?" என்றாள்.

"சரியாத் தெரியல" என்றார். முப்பத்தொரு வருஷத்தில் அவர் சொன்ன முதல் பொய் அது, சொன்னதும் அதையும் சந்தேகப்பட்டார்.

அன்றிலிருந்து அவர் சாப்பிடும்போது சாப்பாட்டைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார். இந்தச் சௌந்தரம் காபிக்குச் சர்க்கரை போடுவதில்லை; பழைய சௌந்தரம் போட்டாளா? இவள் பேப்பரைக் கடைசிப் பக்கத்திலிருந்து வாசிக்கிறாள். அவள் பேப்பர் வாசித்தாளா? இவள் நடக்கும்போது என்னவோ முணுமுணுத்துப் பாடுகிறாள். அவளுக்குப் பாட்டு வருமா? போலியைக் கண்டுபிடிக்க ஒரு மூலக்காசு பக்கத்தில் வேண்டும், விளிம்போடு விளிம்பு வைத்துப் பார்க்க வேண்டும். ஆவுடைநாயகம் தன் ஞாபகப் பெட்டியைத் திறந்து மூலச் சௌந்தரத்தைத் தேடினார். 1835-இலிருந்து அடித்த ஒவ்வொரு ரூபாயின் எடையும் அதில் இருந்தது, அவள் மட்டும் இல்லை. கல்யாண போட்டோவை எடுத்துப் பார்த்தார். அதில் அவள் தலை குனிந்திருந்தாள், உச்சி வகிடுதான் தெரிந்தது. வகிட்டை வைத்து எவளை அடையாளம் காண்பது?

சனிக்கிழமை மத்தியானம் அவள் கண்ணசந்தபோது காந்தத்தை எடுத்தார். பழைய வெள்ளியில் காந்தம் ஒட்டாது, இந்தக் காலத்து இரும்புச் சில்லறையில் ஒட்டும். மெல்ல, மூச்சை அடக்கி, தோள்பட்டைப் பக்கமாய்க் கொண்டுபோனார். டக்கென்று ஒட்டிக்கொண்டது.

சௌந்தரம் கண்ணைத் திறந்தாள். காந்தத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், சேலையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றினாள். காந்தமும் அதோடு வந்தது.

"நான் என்ன பிரிட்ஜ் கதவா?"

அவர் காந்தத்துக்குக் கையை நீட்டினார்.

"நாளைக்கு நானே மாடிக்கு வாரேன். மூணு பேருமா வச்சுப் பாருங்க" என்று சொல்லிவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, வரிசையில் நின்றவர்களைத் தாண்டாமல், வரிசையிலேயே நின்று, தன் முறை வந்ததும் ஏறி வந்தாள். டாக்டர் எழுந்து நாற்காலி போட்டார். பல் பிடுங்குமுன் பேசுகிற அதே குரலில், "பயப்படாதீங்கம்மா, ஒண்ணுமே தெரியாது, ஆச்சு, முடிஞ்சுது" என்று லென்ஸை வைத்தவர், அதைப் பக்கத்தில் நீட்டினார். ஹனிபா பாய் வாங்கிப் பார்த்தார்.

"காந்தம் வச்சேன், ஒட்டுச்சு" என்றார் ஆவுடைநாயகம் தரையைப் பார்த்துக்கொண்டே.

"ஐம்பதாம் வருஷத்து நிக்கல் ரூபாயிலயும்தான் காந்தம் ஒட்டும். அதைப் போலின்னா எழுதினீரு?" என்றார் ஹனிபா பாய்.

"ஊக்கு" என்றாள் சௌந்தரம். "ஒட்டினது ஊக்குல."

படிக்கட்டில் நின்ற கூட்டம் சிரித்தது. சிரிப்பு படியிறங்கி வரிசையின் கடைசி வரை போயிற்று. டாக்டர் சீட்டையும் சிவப்புப் பேனாவையும் செயலாளர் பக்கம் நகர்த்தினார். "ஆவுடை சார், விதி நீங்க போட்டது. பொருந்தாத வருஷம்னா மூணாவது கட்டம். நீங்களே எழுதிடுங்க."

"எழுதட்டும்" என்றாள் சௌந்தரம். "ஒரு கேள்வி கேட்டுக்கிடுதேன். உருக்கி மறுபடி அடிச்ச காசுல எந்த வருஷம் இருக்கும்? கல்யாணமாகி மறுவாரம், ராணி ரூபாய உருக்கி ராஜா ரூபா அடிச்ச கதைய எனக்கு ராத்திரியெல்லாம் சொன்னீங்களே."

"அடிச்ச வருஷம்தான் இருக்கும்" என்றார் அவர்.

"வெள்ளி?"

"வெள்ளி பழசுதான்."

"அப்ப ரெண்டாயிரத்துப் பத்தொம்பதுல என்னைய உருக்கினது என்னன்னு சொல்லுங்க. சொல்லிட்டா நான் உங்க பொண்டாட்டி. தெரியலைன்னா போலின்னே எழுதுங்க. மகளுக்கு மொத வளையல சம்பந்தியம்மா போடட்டும், நான் அண்ணன் வீட்டுக்குப் போறேன்."

பஸ்ஸில் டிக்கெட்டைத் தேடுகிறவன் எந்தப் பையில் கை விடுவான் என்று ஆவுடைநாயகத்துக்குத் தெரியும். இல்லாத டிக்கெட்டைத் தேடுகிறவன் எல்லாப் பையிலும் கை விடுவான். அவர் தன் பதிவேட்டை எடுத்தார். வருஷவாரியாக, நாள்வாரியாக, ஒரு காசு விடாமல் எழுதி வைத்தது. 2019-ஐப் பிரித்தார். விரல் ஓடியது. ஏப்ரலில் ஹைதர் காசு. மே மாதம் மதுரைக் கண்காட்சி. ஜூன் மாதத்தில் விரல் நின்றது. அவர் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் கூட வந்தது, அந்த மாதம் அவளோடு எங்கோ போனது நினைவு வந்ததால். சத்தமாகவே வாசித்தார்.

"ஜூன் இருபத்தி மூணு. விக்டோரியா கால் அணா, 1862. செம்பு. தேய்மானம் குறைவு. நல்ல நிலை. கிடைத்த இடம், உறவினர் வீடு, சுருக்குப்பை."

"அந்த உறவினர் எங்கம்மா" என்றாள் சௌந்தரம். "அன்னைக்கு அவளுக்குப் பதினாறாம் நாள்."

அவள் பதிவேட்டில் அந்த வரியின் மேல் விரலை வைத்தாள்.

"அவ இடுப்புல கெடந்த சுருக்குப்பைய நான் மடியில வச்சு உக்காந்திருந்தேன். நீங்க வாங்கிப் பாத்தீங்க. வண்டியில திரும்பி வரும்போது, அம்பாசமுத்திரத்துல இருந்து நம்ம வீடு வரைக்கும், அந்தக் காசோட விளிம்பப் பத்திப் பேசிக்கிட்டே வந்தீங்க. நான் அழுதேன். கண்ணுல தூசியான்னு கேட்டு வண்டிக் கண்ணாடிய ஏத்தி விட்டீங்க."

ஆவுடைநாயகம் பதிவேட்டை மூடவில்லை. அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார், அது வேறு யார் கையெழுத்தோ, எவனோ புகுத்திய எழுத்தோ என்று சந்தேகப்படுகிறவர் மாதிரி; அவருடைய கையெழுத்துதான். எதையும் பார்த்துத் தெரிந்துகொள்கிற மனுஷன், பார்க்க இனி ஒன்றும் இல்லாமல், வாயைத் திறந்தார்.

"தெரியல சௌந்தரம். அதுக்கப்புறம் என்ன நடந்துது? நீ சொல்லு."

இந்தக் கேள்வியை அவள்தான் இப்போது சோதித்துப் பார்த்தாள், தட்டிப் பார்த்தாள், சத்தம் சுத்தமா என்று காது கொடுத்தாள்.

"மறுநா காலைல நீங்க டூட்டிக்குப் போனதும் பையெடுத்துட்டு நாகர்கோயில் பஸ் ஏறினேன். அங்க எனக்கு யாரும் கெடையாது. கடைசி ஸ்டாப்பு, அவ்வளவுதான். வள்ளியூர்ல செக்கிங் ஏறினாரு. நீங்க இல்ல, வேற ஆளு. டிக்கெட்டப் பாத்துட்டு, எங்கம்மா போறீங்கன்னு சும்மா கேட்டாரு. எனக்குச் சொல்லத் தெரியல. அங்கயே எறங்கிட்டேன். பஸ் ஸ்டாண்டு பெஞ்சுல நாலு மணி வரைக்கும் இருந்தேன். சர்க்கரை தீந்துபோச்சு அம்மான்னு கடைக்காரன் வெறும் காபி குடுத்தான், அதுவும் நல்லாத்தான் இருந்துது. இனிமே யாரு பேசுவான்னு காத்திருக்கது இல்ல, எனக்கு நான் பாடிக்கிடலாம்னு ஒரு முடிவு வந்துது. திரும்பி வந்து உலை வச்சேன். போன சௌந்தரம் வரல. வந்தது நான்."

மறுபடி பார்க்கச் சொல்லி வரிசையில் நின்ற லாரி டிரைவர் மெல்லத் தன் சிவப்புச் சீட்டை எடுத்துக் கிழித்தார். தபால்காரரும் கிழித்தார். ஹனிபா பாய் தன் தொப்பியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். 1993 என்று இருந்தது. யாரும் எதுவும் கேட்காததால், "பொறவு சொல்லுதேன்" என்றார்.

ஆவுடைநாயகம் சிவப்புப் பேனாவை மூடிவிட்டு, நீலப் பேனாவால், மூன்று கட்டத்தையும் தாண்டி, ஆய்வாளர் கருத்து என்ற இடத்தில் எழுதினார். எழுதியதை டாக்டர் வாசித்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி வாசித்தார்: 'எனக்குத் தெரியாது.'

மறுநாள் வளைகாப்பில் சம்பந்தியம்மாள் அந்தச் சீட்டைத் தூரத்தில் பிடித்தும் கிட்டத்தில் பிடித்தும் பார்த்தாள். "என்ன மதினி இது, அண்ணாச்சி தெரியாதுன்னுல்லா எழுதிருக்காக?"

"அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டுச் சௌந்தரம் மகளின் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மங்கையர்க்கரசி விரல்களைக் குவித்துக் கொடுத்தாள். முதல் வளையல் ஏறியது.

அண்ணன் வீட்டுக்குப் போகிற பேச்சை அவள் எடுக்கவில்லை. போகமாட்டேன் என்றும் சொல்லவில்லை. பெட்டி கட்டிலுக்கு அடியில் இருந்து கட்டிலுக்குப் பக்கத்தில் வந்திருந்ததை ஆவுடைநாயகம் பார்த்தார். புதன்கிழமை காலை குளித்துவிட்டுத் தலை துவட்டும்போது அவர் கை இடது காதுக்குப் பின்னால் போய் நின்றது. 1963 என்று தடித்திருந்த இடம் வழவழவென்று இருந்தது. இன்னொரு தரம் தடவிப் பார்த்தார். பதறி, துண்டோடு அடுக்களைக்கு ஓடி, லென்ஸை அவளிடம் நீட்டினார்.

"ஏளா, பாரு, என்ன போட்டிருக்கு?"

சௌந்தரம் கையை முந்தானையில் துடைத்துவிட்டு, அவர் தலையைச் சன்னல் பக்கம் திருப்பி, நிதானமாக, எண்ணூறு காது பார்த்தவரை விட நிதானமாக, பார்த்தாள்.

"ஒண்ணும் இல்ல. எண்ணும் இல்ல, புள்ளியும் இல்ல. வெறும் தகடாக் கெடக்கு."

"அப்ப நான் போலியா?"

அவள் லென்ஸை மேடையில் வைத்துவிட்டு, குழம்புக் கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"இன்னும் அடிக்கல" என்றாள்.